கோர்ஃப் கோட்டை: சரிய வேண்டிய வாசல் ஒருவழியாகச் சரிந்தது

மூன்றாவது தடவையில் வந்துவிட்டது! இங்கிலாந்தில் டார்செட் பக்கம் இருக்கும் கோர்ஃப் கோட்டையின் சிறு மாதிரியை 1:150 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு மாதமாக அதன் தென்மேற்கு வாசலிலேயே மாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாசலைப் படத்தில் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், 1646-ல் மன்னர் தரப்பிடமிருந்து கோட்டையைப் பிடித்த நாடாளுமன்றப் படை, இனி யாருக்கும் உதவக் கூடாது என்று சுவர்களுக்கு அடியில் தோண்டி வெடிமருந்து வைத்தது. வாசலின் ஒரு பாதி இருந்த இடத்திலேயே இருக்க, மறுபாதி நின்றவாக்கில் சரிவில் இறங்கிவிட்டது. வளைவின் ஒரு கை மேலே, இன்னொன்று கீழே.

முதல் இரண்டு தடவையும் பாதிகளைத் தனித்தனியாகச் செய்து ஒட்டினேன். சொத்தைப் பல் மாதிரி இருந்தது. இந்தத் தடவை கல்வரி கீறி, வளைவு மூடி, வாசலை முழுசாகக் கட்டினேன். "அப்பாடா, முடிஞ்சுதா?" என்றாள் மனைவி. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் பேச்சே இல்லை.

உடைப்பதில்தான் விஷயமே. ஃபோமை (லேசான நுரைப்பலகை) சூட்டுக்கம்பியால் அறுத்தால் வழவழவென்று வருகிறது. நிஜச் சுவரில் வெளியே செதுக்கிய பர்பெக் சுண்ணக்கல் (அந்தப் பகுதிக் கல்), உள்ளே கல்சில்லும் காரையும். உடைந்த இடத்தில் அந்த வயிறு தெரிய வேண்டாமா? ஃபோமை 3 மி.மீ. தோலாக மட்டும் வைத்து, உள்ளே பிளாஸ்டரோடு சலித்த மணலும் நொறுக்கிய முட்டை ஓடும் கலந்து ஊற்றினேன். அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவர் முனையைக் குத்தித் திருகினால் பொலபொலவென்று உதிர்கிறது. முழுக்கக் காயவிட்டால் போச்சு; பாளம் பாளமாகப் பிளக்கும்.

ஃபோம் என்றதும் ஞாபகம் வருகிறது. இணையத்தில் வாங்கிய 3 மி.மீ. தாள் ஒரு ஓரம் 3, மறு ஓரம் 4. கேட்டால் பதிலே இல்லை. இப்போது மொட்டைமாடி வெப்பத்தடுப்புக்குப் போடும் பலகையின் மிச்சத் துண்டுகளைக் கேட்டு வாங்கி நானே சீவிக்கொள்கிறேன்.

அடுத்து கோட்டையின் முக்கியக் கட்டடமான 21 மீட்டர் மூலக் கோபுரம், நம் கணக்கில் 14 செ.மீ. ஆனால் ஆசை எல்லாம் பழைய கூடத்துச் சுவர் மேல்தான். மீன்முள் மாதிரி சாய்த்து அடுக்கிய 11-ம் நூற்றாண்டுக் கல்வரி. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இப்போதே கீறிப் பழகுகிறேன். வாசலுக்கு இன்னும் வண்ணம் பூசவில்லை என்பது வேறு விஷயம்.

உதிர்ந்த சில்லுகளைக் கொட்டவில்லை. அந்தக் காலத்தில் கோட்டைக் கல்லை ஊர்க்காரர்கள் எடுத்துப்போய் வீடு கட்டிக்கொண்டார்கள். இன்று கோட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது, ஒரு கல்லைத் தொட முடியாது. என் மேசையில் அந்தச் சட்டம் இல்லையே. அடிவாரத்தில் இரண்டு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது.