நெட் தொல்லியல் தாள்: ஆழத்தை நம்பாதீங்க, வெட்டைப் பாருங்க

நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்தாச்சு, பெரிய நிம்மதி. கோவை, ஈரோடு, கரூர் பக்கமிருந்து அடுத்த முறை எழுதப் போறவங்களுக்காக இது. பாடத்திட்டம் உங்களுக்கே தெரியும். மண்ணடுக்கைப் பற்றி மட்டும் சொல்றேனுங்க. மார்க் கைநழுவுவது அங்கேதான்.

"கீழே கிடப்பது பழசு" என்று எல்லோரும் மனப்பாடம் பண்ணிவிடுகிறோம். அது அடுக்குக்குப் பொருந்தும், மீட்டர் கணக்குக்குப் பொருந்தாது. இதைப் புரிந்துகொள்ள கிரேக்கக் கவி ஹோமர் பாடிய ட்ராய் நகரம் ஒன்று போதும். துருக்கியில் ஹிசார்லிக் மேடு. கல் அஸ்திவாரத்தின் மேல் பச்சைச் செங்கல் சுவர். வீடு இடிந்தால் மண்ணை அள்ளிக் கொட்டுவதில்லை, சமன்படுத்தி அதன் மேலேயே அடுத்ததைக் கட்டினார்கள். இப்படி ஒன்பது பெரிய அடுக்கு, ஒவ்வொன்றும் ஒரு நகர், எண் கீழிருந்து மேலே. ஆனால் பிற்காலத்தில் அதீனா கோயில் வளாகத்துக்காக உச்சியைச் சீவிவிட்டார்கள். மேட்டின் நடுவில் இருந்த 6, 7-ஆம் நகரக் கட்டடங்கள் அதோடு போயின. 6-ஆம் நகரின் பெரிய மதில் விளிம்பில், சரிவில் தாழ்வாக நிற்கிறது. மட்டத்தை மட்டும் பார்த்தால், நடுவிலிருக்கும் 2-ஆம் நகரைவிட அதுதான் பழசு என்று தோன்றும். நடுவில் அகலமாக வெட்டிக்கொண்டு போன ஜெர்மன் அகழ்வாளர் ஷ்லிமான் 2-ஆம் நகரை ஹோமரின் ட்ராய் என்றார். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பிசகு.

பொருத்துக வினாவுக்கு இவ்வளவு போதும் (முதல் மூவருக்கு, ஹோமரின் ட்ராய் என்று அவர்கள் சொன்ன நகர்):
- ஷ்லிமான்: 2-ஆம் நகர், 'பிரியாம் புதையல்' 1873
- டோர்ப்ஃபெல்ட்: 6-ஆம் நகர், 1893–94
- பிளேகன்: 7அ (7-ஆம் நகரின் முதல் கட்டம்), 1932–38
- கோர்ஃப்மான்: 1988 முதல், கோட்டைக்கு வெளியே கீழ் நகர்

6 இல்லை, 7அ-தான் என்பதற்குக் காரணம் கேட்டால் பிளேகனின் வாதத்தை எழுதுங்க. 6-ஆம் நகர் முடிவில் மதில் விரிசலும் சரிவும், அதனால் நிலநடுக்கம். 7அ-வில் மதிலை ஒட்டி நெருக்கிக் கட்டிய சின்ன வீடுகள், தரையில் கழுத்து வரை புதைத்த தானியச் சாடிகள், மேலே தீயின் சாம்பல். அதனால் முற்றுகை.

இப்போது வெட்டுமுகப் படம், அதாவது அகழ்வுக் குழியின் பக்கச் சுவரில் தெரியும் அடுக்குகளின் படம். கரூரைப் பாருங்க, இன்றைய ஊரே பழைய ஊரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் தோண்டினால் அந்தக் குழியின் அடி சங்ககால அடுக்கைத் தொடலாம். அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் மூடி அதனால் சங்ககாலம் ஆகிவிடாது. குழி எந்தத் தரையிலிருந்து வெட்டப்பட்டதோ, அந்தத் தரையின் காலம்தான் குழிக்கு. படம் வந்தால் இந்த வரிசையில் போங்க:

1. கன்னி மண்ணை (மனிதர் கைபடாத அடிமண்) முதலில் குறியுங்க.
2. குழி, அஸ்திவாரப் பள்ளம், எலி வளை எல்லாவற்றுக்கும் வாய் எங்கே தொடங்குகிறது என்று தேடுங்க. அடியைப் பார்க்க வேண்டாம்.
3. எது எதை வெட்டுகிறதோ, வெட்டுவது பிந்தியது.
4. குழியின் வெட்டும் உள்ளே நிரம்பிய மண்ணும் தனித்தனி நிகழ்வு, தனி எண். ஹாரிஸ் அட்டவணை (அடுக்குகளின் முன்பின் வரிசையைக் காட்டும் வரைபடம்) வினாவில் நிறையப் பேர் இடறும் இடம் இதுதான்.
5. கடைசியில்தான் பொருள். கி.பி. 14-ல் பட்டமேறிய ரோமப் பேரரசர் திபேரியஸின் நாணயம் கிடைத்தால் அடுக்கு கி.பி. 14-க்கு முந்தியதாக இருக்க முடியாது, அவ்வளவுதான். நாணயம் நூறு வருஷம் புழங்கியும் இருக்கலாம். அதற்குப் பிந்திய பானை ஓடு ஒன்று அதே அடுக்கில் இருந்தால் ஓடு சொல்வதுதான் கணக்கு.

கரிசல் மண் என்றால் கூடுதல் கவனம். கோடையில் விழும் வெடிப்பில் மேலே கிடக்கும் சின்ன மணி, ஓட்டுத் துண்டு கீழே இறங்கிவிடும். ஒரே ஒரு துண்டை வைத்து அடுக்குக்குக் காலம் சொல்லும் விடையை நம்பாதீங்க.

மொஹஞ்சதாரோவும் இதே பாடம்தான். நிலையான ஒரு மட்டத்திலிருந்து ஆழம் அளந்து காலம் பிரித்ததை, பின்னால் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்த வீலர் கடுமையாகக் கண்டித்தார், ஏனென்றால் ஊர்த்தரை எங்கேயும் ஒரே மட்டமாக இருந்ததில்லை. கூற்று–காரணம் வினாவுக்குத் தோதான செய்தி.

ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலை ட்ராயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அங்கே உயர்ந்த மேடு கிடையாது. நொய்யல் வடகரை, பச்சைக்கல், நீலக்கல் மணித் தொழில், இரும்பு உருக்கு, தமிழி எழுத்துள்ள ஓடு, பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்ற பெயர். இவ்வளவையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கோங்க.