மணி கோத்த காய்

"தம்பி, ரெண்டு நாள் பொறுங்க. கரிமூட்டம் பிரிச்சிடுறேன்."

கண்மாயில் விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைத்த ஆத்தா இப்படிக் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை மனதுக்குள் எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்துவிட்டேன். அன்று சொன்னது இவ்வளவுதான்: "கோர்ட்டு ஆர்டர் ஆத்தா. என் கையில ஒண்ணும் இல்ல."

பொய்யில்லை. 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட உத்தரவு. எங்கள் கண்மாயில் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டவன் நான். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தாக வேண்டும், பார்வையிட வழக்கறிஞர் ஆணையர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஜேசிபி மணிக்கணக்கு வாடகையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் வண்டியை மேல்கரையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருந்தால் அவருக்கு அந்த ரெண்டு நாள் கிடைத்திருக்கும். அது என் கையில்தான் இருந்தது.

கரிமூட்டத்தை அவசரத்தில் பிரித்தால் காற்றுப் பட்டுக் கனன்று சாம்பலாகும், இல்லையென்றால் பாதி விறகாகவே நிற்கும். அவருக்கு இரண்டுமே கிடைத்தது. திட்டவில்லை. வண்டி புரட்டிப் போட்டிருந்த ஒரு கிளையை இழுத்து வந்து என் முன்னால் போட்டார்.

"இது நாட்டுக் கருவேலம்யா. காயப் பாருங்க, மணி கோத்தாப்புல இருக்கு. சீமை ஒடையும் இதும் ஒண்ணா?"

அதற்குள் அப்படி இரண்டு மரம் சாய்ந்திருந்தது. வேலை அளவைப் பதியும் எம்.புக்கில் எல்லாவற்றையும் சீமைக்கருவேலம் என்றே எழுதினேன்.

கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில், ஆள் நுழைய முடியாமல்தான் இருந்தது. எடுத்தது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. அந்த ஏப்ரலில் உயர் நீதிமன்றமே இடைக்காலத் தடை போட்டபோது கொஞ்சம் ஆடிப்போனேன். 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்ற அரசு கொள்கையே கொண்டுவந்தபோது நாம் செய்தது சரிதான் என்று தேற்றிக்கொண்டேன். மரம் என்னவோ அதே மரம்தான். எங்கள் வீட்டில் கேஸ் வரும்வரை அடுப்பில் எரிந்ததும் அதுதான். அப்போது அது நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று அம்மா உட்பட யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சிலிண்டர் வந்த பிறகுதான் எங்களுக்கு அது எதிரி. ஆத்தாவுக்கு அன்றைக்கும் அது சோறு.

ஆட்டுப் புழுக்கையில் வந்த விதையெல்லாம் முளைத்து, உள்வாயில் இப்போது மறுபடி இடுப்பளவு நிற்கிறது. எந்தக் கண்மாய்க்குப் போனாலும் முதலில் காயைத்தான் பார்க்கிறேன். அந்த இரண்டு மரத்தை மட்டும் எம்.புக்கில் திருத்தவில்லை. பில் பாஸாகிவிட்டது.