சேத்துப்பட்டில் ஒரு தவக்கால வெள்ளி

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து 12 வருடங்கள் ஆகின்றன. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் பிடிப்பார். ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்குப் போகலாம் என்று நான்தான் அழைத்தேன். அம்மாவின் கை சரியாக வேண்டும். என் வேண்டுதல் அவ்வளவுதான்.

வேலூரில் பஸ் ஏறி, கண்ணமங்கலம் தாண்டி ஆரணியில் மாறினோம். சேத்துப்பட்டு இப்போது திருவண்ணாமலை மாவட்டம். அம்மாவுக்கு இன்னும் வட ஆற்காடுதான். வட ஆற்காட்டின் அப்போஸ்தலர் என்று பெரியவர்கள் சொல்லும் பிரெஞ்சு நாட்டு தாராஸ் சுவாமி எழுப்பிய கோயில் இது.

மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு புதுமை, ஓர் அற்புதம் கேட்டேன். அம்மா மெதுவாகக் கேட்டார்: "பெர்னதெத்துக்கு என்ன ஆச்சு தெரியுமா?"

1858-ல் பிரான்சின் லூர்து நகரில் 18 முறை மாதாவைக் கண்டவர் அவர். அங்கே அப்போது சுரந்த ஊற்றில் எத்தனையோ பேர் குணம் பெற்றார்கள். அவருக்கோ கடைசி வரை ஆஸ்துமா, முழங்காலில் காசநோய். 1879-ல், 35 வயதில், வலியோடுதான் கண்ணை மூடினார். இந்தக் கதை எனக்கும் தெரியும். அன்றுதான் உறைத்தது.

அப்புறம் சிலுவைப்பாதை, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் நினைத்து ஜெபிப்பது. ஒவ்வொரு நிலையிலும் "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று எல்லோரும் முழந்தாளிட, அம்மா நின்றபடியே தலை குனிந்தார். ஐந்தாம் நிலையில், சீரேனே ஊர் சீமோன் சிலுவைக்குத் தோள் கொடுக்கும் இடத்தில், தானும் முழந்தாளிட முயன்று தடுமாறினார். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு அக்கா முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். பதினான்காம் நிலை வரை அந்தக் கையை விடவே இல்லை.

வெளியே நிழலில் மோர்ச்சாதம் பிரித்தோம். "கை சரியாகணும்னு நீ வேண்டிக்கவே மாட்டியாம்மா?"

"வேண்டிக்காம இருப்பேனா? சேசுவே சாவுக்கு முந்தின ராத்திரி கெத்சமனியில இந்தத் துன்பக் கிண்ணம் வேணாம்னு கேட்டாரே. மாத்திரையும் போடுறேன், டாக்டர்கிட்டயும் போறேன். அதுக்கு மேலயும் மிச்சம் இருக்கிற வலிய மத்தவங்களுக்கான ஜெபமா அவர் கையில கொடுத்துடுறேன். காலைல அந்த ஒரு மணி நேரம் எதிர்வீட்டுப் பையனுக்கு, குடிய விடணும்னு. துணி பிழியறப்போ வர்றது, செத்தும் இன்னும் மோட்சம் சேராம உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு."

வலி நல்லது என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. நோயாளிகளைக் கண்ட இடமெல்லாம் இயேசு குணமாக்கினாரே தவிர, பொறுத்துக்கொண்டு கிட என்று அனுப்பிவிடவில்லை. ஆனாலும் சிறையிலிருந்த பவுல், கிறிஸ்துவின் பாடுகளில் குறைவாயிருப்பதைத் தன் உடலில் நிறைவு செய்வதாகக் கொலோசையருக்கு எழுதினார். சிலுவையில் என்ன குறை இருக்க முடியும் என்று பல நாள் குழம்பியிருக்கிறேன். சீமோனுக்குக் கிடைத்த அந்தத் தோளளவு இடத்தைத்தான் சொல்கிறார் என்று இப்போது நினைக்கிறேன். அம்மா 12 வருடமாக அங்கேதான் நிற்கிறார்.

"ராத்திரி வலி?" என்றேன்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் என் கரு கலைந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"அது உனக்கு," என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டினார். அவர் விரலால் பிரிக்க வராது. ஒன்றைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.