பர்ஸ்ட் இயர் பசங்கள பேச வைக்க ராகிங் தடுப்பு அபிடவிட்டே போதும்

இன்ஜினியரிங் காலேஜ்ல புதுசா சேர்ற பசங்களுக்கு மூணு வாரம் இன்டக்ஷன், அதாவது அறிமுக வகுப்பு நடத்தணும்னு தொழில்நுட்பக் கல்விய கவனிக்கற ஏஐசிடிஇ சொல்லுது, எத்தன காலேஜ்ல அது முழுசா நடக்குதுன்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. அதுல மனித விழுமியங்கள்னு ஒரு செஷன் கட்டாயம் வரும். ஆடிட்டோரியத்துல மொத்த பேட்சையும் உக்கார வச்சு ஒருத்தர் பிபிடி போட்டு நேர்மை, கருணை, நாட்டுப்பற்றுன்னு படிச்சிட்டு போவாரு, பசங்க இன்ஸ்டா பாத்துட்டு இருப்பாங்க. பசங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

இதவிட மோசமானது ஒண்ணு இருக்கு. "மனசு விட்டு பேசுங்க, நீங்க யாரு, எங்கேர்ந்து வந்துருக்கீங்க"ன்னு மைக்க கைல குடுக்கறது. பேருக்குப் பின்னாடி சாதிய போட வேணாம்னு 1929லயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல தீர்மானம் போட்டாச்சு, இன்னைக்கு நம்ம பசங்களுக்கு இனிஷியல் மட்டும்தான். ஆனா எந்த ஊரு, ஊருக்குள்ள எந்த பக்கம், குலதெய்வம் எது, கட் ஆஃப் எவ்ளோ, எந்த கோட்டா, இப்படி சுத்தி வளைச்சு கேட்டே ஹாஸ்டல்ல சேர்ந்த ரெண்டு மூணு நாள்ல எல்லாம் தெரிஞ்சிடும். இந்த நிலைமைல எழுந்து நின்னு உன்ன பத்தி சொல்லுன்னா, மறைச்சு வச்சிருக்கறவனுக்கு வயித்த கலக்கும், சாதி அடையாளமா கைல கலர் கயிறு கட்டிட்டு வந்தவனுக்கு நாமளே மேடை போட்டு குடுத்த மாதிரி ஆயிடும்.

அப்புறம் அந்த பட்டிமன்றம், இட ஒதுக்கீடு தேவையா இல்லையான்னு. தயவுசெஞ்சு அத நிறுத்துங்க. அரசுப் பள்ளி பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021லேர்ந்து இன்ஜினியரிங்குக்கும் இருக்கு, அதுல சேர்ந்த புள்ள அதே பெஞ்சுல உக்காந்திருக்கு, அது அங்க இருக்கலாமா வேணாமான்னு ரெண்டு அணி பேசி நடுவர் தீர்ப்பு சொல்லணுமா என்ன?

இந்த செஷனுக்கு டீச்சரா நான் எடுத்துட்டு போறது ராகிங் தடுப்பு அபிடவிட், ராகிங் பண்ண மாட்டேன்னு எழுதிக் குடுக்கற உறுதிமொழிப் பத்திரம். பல்கலைக்கழக மானியக் குழுவோட (யூஜிசி) 2009 விதிப்படி சேரும்போது பசங்களும் அப்பா அம்மாவும் குடுக்கணும், எல்லாரும் குடுத்துருக்காங்க, ஒருத்தரும் படிச்சதில்ல. அத பிரிண்ட் எடுத்து, கூடவே எது எது ராகிங்னு சொல்ற பகுதியையும் தமிழ்ல எழுதி குடுப்பேன். 2016ல அந்த விதில ஒரு திருத்தம் சேத்தாங்க. நிறம், மதம், சாதி, பாலினம், திருநர், பாலியல் நாட்டம், தோற்றம், எந்த பகுதி, என்ன மொழி, பொறந்த இடம், குடியிருக்கற இடம், வீட்டோட வசதின்னு ஒரு பெரிய பட்டியல், இதுல எத வச்சு இன்னொரு மாணவர துன்புறுத்தினாலும் அது ராகிங், கேலி பண்றது ஒதுக்கி வைக்கறது எல்லாமே அதுல வரும். சீனியர்தான் பண்ணணும்னு இல்ல, கூட படிக்கறவங்க பண்ணாலும் அதுதான். இந்த எடத்துல தான் க்ளாஸ் லேசா அசையும், ஏன்னா க்ளாஸ் வாட்ஸப் க்ரூப்ல ஒரு பையன சேக்காம இன்னொரு க்ரூப் ஏற்கனவே ஓடிட்டு இருக்கும்.

நான் பசங்கள கேக்கற கேள்வி என்னன்னா, இந்த பட்டியல்ல எது எது நம்ம காலேஜ்ல நடக்கும், எப்படி நடக்கும். உனக்கு நடந்துச்சான்னு யாரையும் கேக்கறதே இல்ல. பேர் போடாம துண்டு பேப்பர்ல எழுதலாம், ஒண்ணும் எழுதாம மடிச்சும் குடுக்கலாம். அதுல இங்கிலீஷ் விஷயம் நிறைய வரும், தமிழ் மீடியம் பசங்க வைவாவுல, அதாவது வாய்மொழித் தேர்வுல திக்கினா பின்னாடி சிரிக்கறது, அத மொழிய வச்சு பண்ற ராகிங்னு அதுவரைக்கும் யாருமே யோசிச்சிருக்க மாட்டாங்க. அப்புறம் க்ளாஸ க்ரூப் க்ரூப்பா பிரிச்சு பேச விடுவேன், க்ரூப்புக்கு ஆறு ஏழு பேர், அதுக்கு மேல போனா ரெண்டு பேர்தான் பேசுவாங்க. நான் க்ரூப்ல உக்கார மாட்டேன், வராண்டாவுல நிப்பேன். யாராவது ஒருத்தர பேர் சொல்லி ஆரம்பிச்சாங்கன்னா மட்டும் உள்ள போயி நிறுத்திடுவேன்.

அபிடவிட்ல இன்னொரு வரி இருக்கு, செய்யறதுக்கு மட்டுமில்ல, செய்யாம விடறதால ராகிங்குக்கு துணை போறதுக்கும் சேத்து தான் உறுதி குடுத்துருக்காங்க. அப்ப பக்கத்து ரூம்ல சத்தம் கேட்டும் ஹெட்செட் மாட்டிட்டு படுத்தவன் என்ன கணக்கு? இங்க தான் நாவரசு கதைய சொல்வேன், இப்ப இருக்கற பசங்க யாருக்கும் தெரியாது. 1996 நவம்பர், அண்ணாமலை பல்கலைக்கழகத்துல ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜ் முதலாண்டு மாணவர், சீனியர் ஒருத்தரால கொல்லப்பட்டாரு. தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் 1997ல வந்தது அதுக்கப்புறம்தான், வழக்கு 2011ல தான் சுப்ரீம் கோர்ட்ல ஆயுள் தண்டனைன்னு முடிஞ்சுது. கொலைகாரன பத்தி பேச ஒண்ணுமில்ல, அது ஈஸி. ஒரு ஹாஸ்டல்ல ஒருத்தன் ஜூனியர கூட்டிட்டு போறத பாத்தா நீ என்ன பண்ணுவ, வார்டன்கிட்ட சொன்னா போட்டுக்குடுத்தவன்னு உனக்கு பேர் வரும், அப்ப என்ன பண்ணுவன்னு கேட்டா முக்கா மணி நேரம் சண்ட போடுவாங்க. தனியா சொல்ல வேணாம், நாலு பேரா போயி சொல்லலாம்னு அவங்களே ஒரு வழிக்கு வருவாங்க, சில க்ரூப் வராது, அதையும் அப்படியே விட்டுடணும், நாம தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்சா திரும்ப பிபிடி தான்.

கடைசில யாராவது ஒரு புள்ள கேக்கும், "மேடம், இதே ஸ்டாஃப் பண்ணா?"ன்னு. ராகிங் விதி மாணவர் மாணவருக்கு பண்றதுக்குத்தான். ஸ்டாஃப் சாதி பாத்து நடத்தினா அதுக்கு யூஜிசியோட 2012 சமத்துவ விதிகள் இருக்கு, காலேஜ்ல ஈக்வல் ஆப்பர்சூனிட்டி செல்னு ஒண்ணு வைக்கணும், பாகுபாட்டு புகார வாங்க ஒரு ஆபீசரும் இருக்கணும். அவர் யாரு, எந்த ரூம்ல இருப்பாருன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டு க்ளாசுக்கு போங்க, ராகிங் ஹெல்ப்லைன் 1800-180-5522யும் சேத்து போர்டுல எழுதிட்டு அழிக்காம வந்துடுங்க.