அந்த நம்பருக்கு அனுப்பாதீங்க

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 11 வருடம் பில் கவுன்ட்டரில் இருந்தேன். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். பெயர், வயது, போன் நம்பர் கேட்டு பில் போட்டு, டியூபில் ஒட்டும் ஸ்டிக்கரை எடுத்துக் கொடுக்க வேண்டும். பெயரோடு என்ன டெஸ்ட் என்பதையும் சத்தமாகக் கூப்பிடுவோம். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

கொரோனா காலத்தில் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏற்பாடு வந்தது. பிறகு ஒருநாள், கர்ப்பம் இருக்கிறதா என்று பார்க்க ஓர் இளம்பெண் வந்தார். முன்பு டெங்கு டெஸ்ட்டுக்குக் கொடுத்த நம்பர் கம்ப்யூட்டரில் இருந்தது. “அதே நம்பர்தானேம்மா?” என்றேன். அவர் பதில் சொல்லுமுன் பின்னால் நின்றவர் சீட்டை நீட்டிவிட்டார். நான் சேவ் செய்துவிட்டேன்.

அது அவருடைய அண்ணனின் நம்பர்.

சாயங்காலம் திரும்பி வந்தார். சண்டை போடவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றியபடி, “அந்த நம்பருக்கு அனுப்பாதீங்கன்னு சொல்ல வந்தேங்கா” என்றார். அவ்வளவுதான். அதன்பின் எங்கள் பக்கம் வரவே இல்லை.

“சிஸ்டம் தானா அனுப்பிருச்சு” என்றார் மேனேஜர். எனக்கு அது ஆறவில்லை. என் அவசரம் என் தப்புதான். ஆனால் யாரையும் கேட்காமல் அனுப்பும்படி அந்த சிஸ்டத்தை அமைக்கச் சொன்னது நிர்வாகம்தானே?

இத்தனைக்கும் ரகசியம் காக்க எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்குத் தனி அறை, சம்மதக் கையெழுத்து, ரிப்போர்ட் உரியவர் கையில் மட்டும் என்று ஒழுங்காகச் செய்தோம். 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் ஒருவரின் நிலையை வெளியே சொல்லக்கூடாது என்கிறது. அந்தப் பயம் இருந்தது. அதே அறை, அதே ஆட்கள். கர்ப்பத்துக்கு ஏன் அது தோன்றவில்லை?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. தெரியாமல் வெளியே போனாலும் அதன் கணக்கில் அது தரவுக் கசிவுதான்; பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனமே தெரிவிக்க வேண்டும். தகுந்த பாதுகாப்பு செய்யாவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று: என்ன விவரம், எதற்காக என்பதைத் தமிழிலும் படித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலம். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

மேஜைக்கு அடியில் ஆதார் ஜெராக்ஸ் கட்டுக்கட்டாகக் கிடந்தது. சர்க்கரை பார்க்க ஆதார் எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. பழைய பேப்பர் கடைக்குப் போடச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். நாலு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகக் கிழித்தேன். நிறைய முகங்கள் தெரிந்த முகங்கள்.

வேலையை விடும்வரை ஒவ்வொருவரிடமும், “ரிப்போர்ட்டை யாருக்கு அனுப்பட்டும்?” என்று கேட்டேன். வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எனக்கு மட்டும் போதும் தாயி, பிள்ளைங்க பயந்துருவாங்க” என்றார். பழைய நம்பரை அழித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் எண்ணாகப் போட்டேன்.