கை தடுமாறினால் கரண்டி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

டம்ளர் நழுவி விழுகிறது, சட்டைப் பொத்தான் துளைக்குள் போக மாட்டேன் என்கிறது. பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்து "கையில பலமில்ல" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் நரம்புக் கோளாறில் கை தடுமாறுவதற்கு மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு. தசையில் வலு குறைந்திருக்கலாம். வலு இருந்தும் விரல் நுனியில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். இரண்டும் இருந்தும் அசைவு நடுங்கலாம், குறி தவறலாம், மெதுவாகலாம். பலருக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கும். ஒன்றுக்கு உதவும் கருவி இன்னொன்றுக்குத் தொல்லை. கனமான கரண்டி நடுக்கமுள்ள சிலருக்குக் கையை நிலைப்படுத்தும். தசை தளர்ந்தவருக்கு அதே கரண்டி நாலு வாய் சாப்பிடுவதற்குள் கையை ஓயவைத்துவிடும். "பக்கவாதம், நடுக்கம், நரம்புத் தளர்ச்சி அனைத்துக்கும்" என்று இணையத்தில் விற்கும் செட்டுகள் பெரும்பாலும் அலமாரியில் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

எது உங்களுடையது என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு பையிலிருக்கும் சாவியையும் ஒரு நாணயத்தையும் தொட்டே பிரித்துச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் உணர்ச்சிக் குறைவு. பார்த்துக்கொண்டே பிடித்தால் பொருள் நிற்கிறது, பார்வையைத் திருப்பியதும் விழுகிறது என்றாலும் அதுவேதான். ஒரு லிட்டர் தண்ணீர் போத்தலைத் தூக்க முடிகிறது, அரை நிமிடத்தில் பிடி தளர்கிறது என்றால் வலுக் குறைவு. பிடியெல்லாம் சரி, ஆனால் கை போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறது, அருகில் நெருங்க நெருங்க ஆடுகிறது என்றால் அது ஒருங்கிணைப்புக் கோளாறு.

இன்னொரு சோதனை, மருத்துவர்களே செய்வது. பத்து வினாடிக்குள் கையை முழுதாக மூடி முழுதாக விரிப்பதை எத்தனை தடவை செய்ய முடிகிறது என்று எண்ண வேண்டும். ஆரோக்கியமானவருக்கு 20 தடவைக்கு மேல் வரும். அதற்குக் கீழே போனால், முக்கியமாக விரல்கள் விரிய நேரம் எடுத்தால், கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்படுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். இதை வைத்து நீங்களே நோயை முடிவுசெய்ய வேண்டாம். ஆனால் கைத் தடுமாற்றத்தோடு நடை தள்ளாடுகிறது, சிறுநீரை அடக்க முடியவில்லை என்றால் அடுத்த வழக்கமான சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. காரணம் தெரியும்வரை முடிதிருத்தகத்தில் கழுத்தைச் சொடுக்கவும் விடாதீர்கள். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் முடி வெட்டியதும் கேட்காமலே தலையைப் பிடித்துத் திருப்புகிறவர்கள் உண்டு. உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். ஒரு பக்கக் கை திடீரென்று தளர்ந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ 995 எண்ணில் ஆம்புலன்ஸ்தான், டாக்சி அல்ல.

இனிப் பிடியைப் பற்றி. கைப்பிடியை ஏன் தடிமனாக்கச் சொல்கிறார்கள்? விரலை மடக்கும் தசை முழுவதும் சுருங்கிய நிலையில்தான் மிக பலவீனமாக இருக்கும். மெல்லிய கரண்டிக் காம்பைப் பிடிக்க விரல்கள் கடைசிவரை மடங்க வேண்டும். காம்பு தடித்தால் விரல் பாதி வழியில் நின்றுவிடும், அந்த நிலையில் தசைக்கு வலு அதிகம். ஏர்கான் குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோம் உறை ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். காம்பின் மேல் இறுக்கமாக ஏறும் அளவுள்ளதாகப் பார்த்து 10 முதல் 12 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினால் போதும். மொத்தத் தடிமன் 3 முதல் 3.5 செ.மீ. இருந்தால் பெரும்பாலான கைகளுக்குச் சரிவரும். தடித்தால் நல்லது என்று அதற்கு மேலே போகாதீர்கள். விரல் நுனிக்கும் பெருவிரலுக்கும் இடையே ஒரு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் பிடி மறுபடி தளரும். இந்த ஃபோமில் வரும் கோளாறு பூஞ்சை. துளைக்குள் போன தண்ணீர் நம் ஊர் ஈரப்பதத்தில் காயாது. கழுவும்போது கழற்றி, தனியாகக் காயவைத்து, நிறம் மாறினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கைப்பிடியைவிட முக்கியமானது மணிக்கட்டு. மணிக்கட்டை உள்பக்கம் முழுக்க மடித்துக்கொண்டு முட்டியை இறுக்கிப் பாருங்கள், நல்ல கைக்கே பிடி வராது. மணிக்கட்டு 20, 30 டிகிரி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும்போதுதான் பிடி வலுவாக விழும். மணிக்கட்டு தொங்கிப்போனவருக்கு ஆயிரம் கரண்டி வாங்கித் தந்தாலும் பயனில்லை. அதை நிமிர்த்திப் பிடிக்கும் ஒரு கைப்பட்டை அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் மணிக்கட்டு நரம்பு நெருக்கத்துக்கு இரவில் கட்டும் பட்டை வேறு. அதில் மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும், நிமிர்ந்தால் நரம்பின் மேல் அழுத்தம் கூடும். இரண்டும் கடையில் ஒன்றுபோலவே தொங்கும் என்பதால் கேட்டு வாங்குங்கள்.

கையால் சோறு சாப்பிடுவதைப் பற்றி மேல்நாட்டுக் கையேடுகளில் ஒரு வரிகூட இருக்காது. நான்கு விரல் சோற்றைக் குவித்து ஏந்த, பெருவிரல் பின்னாலிருந்து தள்ளுகிற நுட்பமான வேலை அது. பெருவிரலை எதிர்ப்பக்கம் கொண்டுவரும் தசை தளர்ந்தால் அந்தத் தள்ளல் போய்விடும். சாம்பாரைத் தளரத் தளர ஊற்றாமல் கெட்டியாகப் பிசையுங்கள், குழைந்த சோறு உதவும். வாழை இலையும் தட்டையான தட்டும் வேண்டாம், சோற்றைச் சாய்த்து அள்ள ஒரு சுவர் தேவை. செங்குத்தான விளிம்புள்ள எவர்சில்வர் தட்டும் அதற்கு அடியில் பிழிந்த ஈரத்துணியும் இருந்தால் தட்டு நகராது. நடுக்கமுள்ளவர் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, தட்டைச் சற்று உயர்த்தி வைத்தால் கை போக வேண்டிய தூரம் குறையும். உணர்ச்சி இல்லாத விரல் சூடான சோற்றில் வெந்தாலும் தெரியாது. பரப்பி ஆறவிட்டு, உணர்ச்சியுள்ள இடத்தால் சூட்டைப் பாருங்கள்.

பக்கவாதத்தில் வலக்கை போன பெரியவர்கள் இடக்கையால் சாப்பிடக் கூசிச் சாப்பாட்டையே குறைத்துக்கொள்வது நம் வீடுகளில் நடக்கிறது. ஊட்டிவிடுவதைவிட இடக்கையில் ஒரு கரண்டி கொடுப்பது மேல். வெறும் இடக்கைக்கு இருக்கும் தயக்கம் கரண்டிக்கு அவ்வளவாக இருப்பதில்லை.

சமையலறையில் கருவியை மாற்றுவதைவிட வேலையை மாற்றுவதுதான் அதிகம் உதவும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, இதை மனதில் வையுங்கள். குக்கர் பாத்திரத்தைக் குழாயடியில் நிரப்பித் தூக்காமல், இடத்தில் வைத்துவிட்டுக் குவளையால் ஊற்றலாம். இரண்டு கிலோ எண்ணெய்ப் போத்தலை வாங்கியதும் யாரையாவது விட்டு அரை லிட்டர் போத்தல்களில் ஊற்றி வையுங்கள். தேங்காய் துருவிக் காட்ட வேண்டிய வீரம் எதுவும் இல்லை, ஈரச்சந்தையில் துருவியதே கிடைக்கிறது. கெட்டிலில் அரைப்பங்குக்கு மேல் வேண்டாம், கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊற்றவே வேண்டாம்.

இடுக்கியை ஓரம் கட்டுங்கள். நம் சமையலறையில் தளர்ந்த கைக்கு ஆபத்தான பொருள் கத்தியல்ல, இடுக்கிதான். அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு கணம் பிடி தளர்ந்தால் கொதிக்கும் ரசம் காலில். இரண்டு காதுள்ள பாத்திரமும் தடித்த சிலிக்கோன் கையுறையும் போதும். ஈரமான கைப்பிடித்துணி சூட்டை வேகமாகக் கடத்தும், உணர்ச்சி குறைந்த கைக்கு அது கூடவே கூடாது. ஜாடி மூடி திறக்காவிட்டால் முறுக்கிப் போராடாமல், கரண்டி நுனியை விளிம்பில் கொடுத்து நெம்புங்கள். 'டக்' என்று காற்று உள்ளே போய்விட்டால் ரப்பர் விரிப்பால் பிடித்துத் திருகுவது சுலபம்.

உடையில் ஒரே விதி: போடும்போது தளர்ந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். பொத்தானைப் பிரித்துத் துளையின் மேலேயே தைத்துவிட்டு, உள்ளே வெல்க்ரோ வைத்தால் வெளியே வித்தியாசம் தெரியாது. ரவிக்கைக் கொக்கிக்கும் இதே வழிதான். வெல்க்ரோ வேட்டியும், மடிப்பு வைத்துத் தைத்த சேலையும் சிராங்கூன் சாலையில் கிடைக்கும். சங்கிலிக்குக் காந்தக் கொக்கி வசதியானது, ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக்கூடாது.

வெளியே போனால் உணவங்காடி நிலையம்தான் சோதனை. சாப்பிட்ட தட்டை அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பது கட்டாயம் என்பதால் சாப்பிட்ட பிறகும் ஒரு தூக்கல் இருக்கிறது. தட்டின் விளிம்பை விரலால் பிடிக்காமல், இரண்டு முன்கைகளையும் அடியில் கொடுத்து நெஞ்சோடு ஒட்டித் தூக்குங்கள். சூப்பைக் குறைத்து ஊற்றச் சொல்லுங்கள். கோப்பியைப் பொட்டலமாகக் கட்டித் தரும் பையின் கயிற்றை விரலில் மாட்டாதீர்கள், மூடியுள்ள கோப்பை கேளுங்கள். பெருவிரைவு ரயிலில் தொங்கும் பிடியைவிடக் கம்பம் நல்லது, அதை முழங்கை மடிப்பால் வளைத்துக்கொள்ளலாம். பயண அட்டையைச் சுருள்கயிற்றில் கழுத்தில் மாட்டினால் ஒவ்வொரு வாயிலிலும் பர்ஸைக் கிளற வேண்டாம்.

குளிர் பலருடைய கையைக் கெடுக்கும். குளிர்ந்த தசையும் நரம்பும் மெதுவாகவே வேலை செய்யும். அலுவலக ஏர்கானில் ஒரு மணி நேரம் இருந்தபின் கையெழுத்து கிறுக்கலாவது உங்கள் கற்பனை அல்ல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) உள்ள பலருக்கு இது தலைகீழ், மதிய வெயிலில் நடந்து வந்தால்தான் கை சோரும். நுணுக்கமான வேலைகளை அவரவர் கை நன்றாக இருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பந்தைப் பிசையச் சொல்லும் அறிவுரை எல்லோரிடமிருந்தும் வரும். பக்கவாதத்துக்குப் பிறகு விரல்கள் இறுகி மடங்கிக்கொள்பவருக்குத் தேவை விரிக்கும் பயிற்சி. தசையை இயக்கும் நரம்பணுக்கள் சிதையும் இயக்க நரம்பணு நோயில் அளவுக்கு மீறிப் பிசைந்தால் மிச்சம் களைப்புதான். பயிற்சி செய்த மறுநாளும் கை சோர்ந்தே இருந்தால் அளவு அதிகம் என்று பொருள்.

கைப்பேசியில் தடுமாறும் விரலுக்கென்று அமைப்பே இருக்கிறது. ஐஃபோனில் அக்சசிபிலிட்டி, டச் என்று போனால் 'டச் அக்கமடேஷன்ஸ்' வரும். விரல் எவ்வளவு நேரம் பதிந்தால் தொட்டதாகக் கொள்ள வேண்டும், அடுத்தடுத்து விழும் தொடுகையைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டுமா என்று அதில் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஜிபோர்ட் விசைப்பலகை தமிழைப் பேசினால் தட்டச்சு செய்யும்.

விலையுயர்ந்த கருவி தேவையென்றால் முதலில் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பாருங்கள், பலதுறை மருந்தக மருத்துவரிடம் பரிந்துரை கேட்கலாம். ரெட்ஹில் அருகே லெங்கோக் பாருவில் இருக்கும் எனேபிளிங் வில்லேஜில், 'டெக் ஏபிள்' என்ற இடத்தில் உதவிக் கருவிகளை நேரில் பார்க்கலாம். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பின் உதவித் தொழில்நுட்ப நிதி, தகுதியுள்ள உடற்குறையுள்ளோருக்குக் கருவி விலையில் 90 விழுக்காடு வரை தரும், வாழ்நாள் வரம்பு 40,000 வெள்ளி. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்காதீர்கள், மதிப்பீடு முதலில் வரட்டும். போகும்போது வீட்டில் புழங்கும் கரண்டி, சாவி, மருந்து அட்டை ஆகியவற்றை எடுத்துப் போங்கள். சமைக்கும்போதும் சட்டை போடும்போதும் எடுத்த இரண்டு நிமிடக் காணொளியும் கைப்பேசியில் இருக்கட்டும். காலையில் சிகிச்சை அறையில் நன்றாக இயங்குகிற கை, சாயங்காலம் அடுப்படியில் என்ன செய்கிறது என்பது தெரபிஸ்ட்டுக்கு வேறு வழியில் தெரியாது.