நெட் தமிழ்த் தேர்வு: ‘அயர்வு’ என்ற ஒரு சொல்லால் மாறிய என் படிப்பு

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வின் முடிவு நேற்று வந்தது; உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது. பாடத்திட்டமும் தாள்களின் அமைப்பும் நீங்கள் அறிந்தவையே என்பதால், முதல் முறை நான் தவறவிட்டு நெடுநாள் நெஞ்சில் உறுத்திய ஒரே வினாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

‘மாலை அயர்கம் விருந்து’ என்ற குறளடியில் அயர்தலுக்குப் பொருள் என்ன என்பதே அந்த வினா. ‘களைத்தல்’ என்று குறித்தேன். என் குறிப்பேட்டில் ‘அயர்வு – சோர்வு, களைப்பு’ என்ற ஒற்றை வரிதான் இருந்தது. வினைமேற்சென்ற, அதாவது அரசனின் போர்ப்பணிக்காகப் பிரிந்து சென்ற தலைவனின் கூற்று என்பது நினைவிலிருந்ததால், போரில் களைத்தவன் பேசுகிறான் என்றே எண்ணிவிட்டேன். ஆனால் 1268ஆம் குறளில் அவன், அரசன் வெல்லட்டும், நான் வீடு சேர்ந்து மாலையில் விருந்து செய்வேன் என்று ஆவலோடு சொல்கிறான்.

அயர்தலுக்குச் செய்தல், கொண்டாடுதல் என்ற பொருள் பழைய நூல்களில் பரவலாக உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியலில் வரும் ‘வெறியாட்டு அயர்ந்த காந்தள்’ (வெறியாட்டு என்பது முருகனை வேண்டி வேலன் ஆடும் ஆட்டம்) அவ்வகையே; விழவயர்தல், விளையாட்டயர்தல் என்பனவும் அப்படியே. ‘அயர்வறும் அமரர்கள் அதிபதி’ என்று நம்மாழ்வார் பாடும்போது, உரையாசிரியர்கள் அயர்வை மறதி என்று கொள்கிறார்கள். இன்று நாம் கண்ணயர்கிறோம், அயர்ந்து தூங்குகிறோம், அயராத உழைப்பைப் பாராட்டுகிறோம். ஒன்றில் தன்னை மறந்து ஆழ்வது என்ற கருத்தே இத்தனை பொருள்களையும் இணைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் எண்ணமே தவிர, தேர்வில் எழுதத்தக்க விடையன்று.

இதன்பின் ‘சோர்வு’ என்ற சொல்லையும் அவ்வாறே தேடினேன். திருப்பாவையின் 12ஆம் பாசுரத்தில் ‘நின்று பால் சோர’ என்னும்போது எருமையின் மடியிலிருந்து பால் வழிகிறது. குழல் சோர்வது அவிழ்ந்து சரிவது. திருக்குறளின் பொச்சாவாமை (மறவாமை) அதிகாரத்தின் முதற்குறளில் ‘உவகை மகிழ்ச்சியிற் சோர்வு’ என்பது, களிப்பில் கடமையை நழுவவிடும் மறதி. வழிதலும் நழுவுதலும் மனத்துக்கும் உடலுக்கும் ஏறி வந்த வழி இதில் தெளிவாகவே தெரிகிறது. சோரம் என்பதை மட்டும் இதனோடு சேர்த்துவிடாதீர்கள். அது திருடனைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது.

நான் இரண்டாம் முறை செய்தவை:
- சொல்லுக்கு நேரே பொருளை எழுதாமல், அது வரும் அடியை முழுமையாக எழுதினேன்.
- அயர் என்ற வினைக்கு முன் விருந்து, விழா, வெறி போன்ற சொல் நின்றால் ‘செய்தல்’ என்று முதலில் பொருத்திப் பார்த்தேன்.
- நாளொன்றுக்கு 5 சொற்கள் மட்டுமே. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் ஒரு சொல்லுக்குத் தரப்பட்ட எல்லாப் பொருள்களையும் மேற்கோள்களோடு படித்தேன்.

விரைவாகப் பல நூல்களைப் புரட்டிப் படிப்பவர்களுக்கு இம்முறை பொறுமையைச் சோதிக்கும். நான் மெதுவாகப் படிப்பவள். பாட்டின் ஒழுக்கப் பிரிவான திணை, அதன் உட்பிரிவான துறை பற்றிய வினாக்களுக்கும் தனியாகப் படிக்க வேண்டிய தேவை எனக்குப் பெரிதும் குறைந்தது, ஏனெனில் ‘வெறியயர்தல்’ என்று எழுதும்போதே அது குறிஞ்சியில் எங்கே, யாருக்காக, எதற்காக நடக்கிறது என்பதையும் எழுதிவிட்டிருந்தேன்.